முடங்கிய சம்பளக் கணக்கு: இணையவழிச் சூதாட்டப் பணம் வந்த பாதை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

## எதற்காக இந்தப் பதிவு

2025 நவம்பர் முதல் 2026 பிப்ரவரி வரை வழக்கறிஞர் என்ற முறையில் நான் கையாண்ட, இணையவழியில் பணம் வைத்து ஆடிய ஒருவரின் சம்பளக் கணக்கு முடக்கப்பட்ட நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். தொடர்புடைய குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர், வேலை பார்க்கும் நிறுவனம், வங்கி, விசாரணை நடத்திய மாநிலம் ஆகியவற்றை வேண்டுமென்றே குறிப்பிடவில்லை.

இத்தகைய சிக்கலோடு வருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முதலில் கேட்பது, "இந்த விளையாட்டு சட்டப்படி சரியா, தவறா?" என்பதுதான். இந்த நிகழ்வில் அதற்கு விடை கிடைத்த பிறகும் குடும்பத்தின் நெருக்கடி அப்படியே இருந்தது. கணக்கில் வரவான பணம் யாருடைய கையிலிருந்து கிளம்பியது என்ற கேள்வியை எவரும் கேட்டிருக்கவில்லை. நானும் தாமதமாகத்தான் கேட்டேன். அந்தத் தாமதத்தின் விலையையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

## பின்னணி: 2020 முதல் 2025 ஆகஸ்ட் வரை

கணக்கு முடங்கியவருக்கு வயது 34. தனியார் நிறுவனமொன்றில் களப்பணி மேற்பார்வையாளர். மாதச் சம்பளம் 31,200 ரூபாய். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. ஆறு வயதில் ஒரு மகள். 2020 ஊரடங்கில் வேலையின்றி வீட்டில் இருந்தபோது கைப்பேசியில் ரம்மி ஆடத் தொடங்கினார்.

அவருடைய ஐந்தாண்டு வங்கிக் கணக்கு அறிக்கையைப் புரட்டினால், தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் கடந்துவந்த ஒவ்வொரு வளைவும் அதில் பதிந்திருக்கிறது. 2020 நவம்பரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்ததும், அவர் பயன்படுத்திய செயலி தமிழ்நாட்டுப் பயனர்களுக்குப் பணம் வைத்து ஆடும் வசதியை மூடியது, அவரும் நிறுத்திவிட்டார். அந்த அவசரச் சட்டத்தைத் தொடர்ந்து இயற்றப்பட்ட திருத்தச் சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த மாதமே அவருடைய கணக்கில் மறுபடியும் செலுத்துதல்கள் தெரிகின்றன. பிறகு ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2022 அக்டோபரில் இன்னோர் அவசரச் சட்டம் வந்தது. அதற்கு மாற்றாகச் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காத நிலையில் அது நவம்பர் இறுதியில் காலாவதியானது. மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார்; 2023 மார்ச்சில் பேரவை அதை மீண்டும் நிறைவேற்றியது; ஏப்ரலில் அது சட்டமானது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்தி, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று பட்டியலிட்ட பகுதியை மட்டும் விலக்கியது. ரம்மி பெரும்பாலும் திறன் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே கூறியிருந்தது. இணையவழி ரம்மி நிறுவனங்களின் வாதம் முழுவதும் அந்த ஒரு வரியின் மீதுதான் நின்றது.

இத்தனை திருப்பங்களுக்கு நடுவே அவர் மனத்தில் பதிந்தது ஒன்றே: "நீதிமன்றமே அனுமதித்துவிட்டது." இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றித் தொகையில் 30 விழுக்காடு வருமான வரி பிடிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் முதல் செலுத்தும் முழுத் தொகைக்கும் 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. "அரசாங்கமே வரி வாங்குகிறதே, பிறகு எப்படி மேடம் தப்பாகும்?" என்று அவர் என்னிடம் கேட்டார். ஒரு வருமானத்துக்கு வரி விதிப்பது அதைச் சட்டபூர்வமாக்கிவிடாது என்பது வரிச்சட்டத்தின் பழைய கொள்கை. ஆனால் அதை அவருக்கு எடுத்துச் சொல்ல அந்தக் காலத்தில் ஒருவரும் இல்லை. 2025 ஆகஸ்ட் வரை அவர் இழந்தது சுமார் 2,35,000 ரூபாய்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு ஒழுங்குமுறை விதிகளை அறிவித்தது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட முடியாது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் கூடாது. ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எச்சரிக்கை தோன்ற வேண்டும். நாள், வாரம், மாதம் என்று செலவுக்கு வரம்பு வைக்க வழி இருக்க வேண்டும். இவை செல்லும் என்று உயர்நீதிமன்றம் ஜூன் 3 அன்று தீர்ப்பளித்தது. இந்த விதிகளைப் பற்றி மனைவி சொன்ன ஒரு வாக்கியத்தை நான் குறித்து வைத்திருக்கிறேன்: "அந்த நாலஞ்சு மாசம் அவர் ராத்திரி தூங்கினார், மேடம்." மாத வரம்பாக 3,000 ரூபாயை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து செயலியில் பதிந்திருந்தார்கள். அவர் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. ஆனால் மனைவியின் கையில் முதன்முறையாக ஒரு பிடி இருந்தது.

## 2025 செப்டம்பர், அக்டோபர்: செயலி போனது, 'ஐடி' வந்தது

இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரண்டே நாட்களில் நிறைவேற்றியது. 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. திறனா அதிர்ஷ்டமா என்ற பல்லாண்டு வாதத்தை அந்தச் சட்டம் ஒரே வீச்சில் ஒதுக்கிவைத்துவிட்டு, பணம் வைத்து ஆடும் எல்லா இணையவழி விளையாட்டையும் தடை செய்தது. வழங்கும் நிறுவனத்துக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் விதிக்க அதில் இடமிருக்கிறது. பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோவதும் குற்றம். ஆடுபவருக்குத் தண்டனை எதையும் அது வைக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் உடனடியாகப் பண ஆட்டங்களை நிறுத்தின. இவர் பயன்படுத்திய செயலியும் நின்றது. அதன் வாலட்டில் இருந்த 2,140 ரூபாய் நான்கே நாட்களில் அவருடைய கணக்குக்குத் திரும்பியது. ஒழுங்கான முறையில் முடிந்த கடைசிப் பரிமாற்றம் அதுதான்.

பத்து நாட்களுக்குள் குறுஞ்செய்திச் செயலியில் ஒரு குழுவின் இணைப்பு அவருக்கு வந்தது. அங்கிருந்து ஒரு முகவர். அவர் கொடுத்தது, இந்த வட்டாரத்தில் எல்லோரும் 'ஐடி' என்று சொல்லும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும். கிரிக்கெட் பந்தயம், மேலே ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று வெடிக்கும் விமான ஆட்டம், சீட்டு ஆட்டங்கள் என எல்லாம் அதில் இருந்தன. தளத்தின் அடியில் குராசோ தீவு வழங்கிய உரிமம் என்று ஓர் எண் அச்சாகியிருந்தது. "உரிமம் உள்ள கம்பெனிதான்" என்று அவர் நம்பியதற்கு அந்த ஒரு வரியே காரணம். அந்த எண் உண்மையானதாகவே இருந்தாலும், வேறொரு நாட்டின் உரிமம் இந்தியாவில் சேவை வழங்க எந்த உரிமையும் தராது.

பணம் செலுத்திய விதம்தான் இந்த நிகழ்வின் மையம். பழைய செயலியில் நிறுவனத்தின் பெயருக்கே பணம் போனது. புதிய தளத்தில் ஒவ்வொரு முறையும் வேறொரு தனிநபரின் யூபிஐ முகவரி வந்தது. பத்து நிமிடத்துக்குள் செலுத்தி, யூடிஆர் எண்ணை (அந்தப் பரிமாற்றத்துக்கான குறிப்பு எண்ணை) முகவருக்கு அனுப்ப வேண்டும். ஏழு வாரங்களில் 23 முறை, 19 வெவ்வேறு பெயர்களுக்கு, மொத்தம் 61,500 ரூபாய் அனுப்பியிருக்கிறார். அதற்காகச் செயலி வழியாக இரண்டு கடன்கள், 45,000 ரூபாய். முகவர் தாமாகவே 10,000 ரூபாயை ஐடியில் 'கிரெடிட்' வைத்துக் கொடுத்திருக்கிறார். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஒரே ஒரு முறை வெற்றித் தொகையை எடுத்தார்: 18,400 ரூபாய். அது 7,000, 6,400, 5,000 என்று மூன்று தனிநபர்களின் கணக்குகளிலிருந்து அவருடைய சம்பளக் கணக்குக்கு வந்தது.

## நவம்பர் 3: முடக்கம்

அக்டோபர் 31 அன்று சம்பளம் ஏறியது. நவம்பர் 3 அன்று மகளின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்த முயன்றபோது பரிமாற்றம் தோற்றது. கணக்கில் 34,060 ரூபாய் இருப்பு. ஒரு ரூபாய்கூட வெளியே எடுக்க முடியவில்லை. வேறொரு மாநிலத்தின் இணையக் குற்றப் பிரிவு காவல்துறையின் வேண்டுகோளின்படி கணக்கு முடக்கப்பட்டுள்ளது என்று கிளையில் வாய்மொழியாகச் சொன்னார்கள்.

அடுத்த ஒரு வாரத்தில் அவர் மூன்று காரியங்களைச் செய்தார். முகவரிடம் கேட்டார், "யாராவது கேட்டால் நண்பரிடம் வாங்கிய கைமாற்று என்று சொல்லிவிடுங்கள் ப்ரோ" என்று பதில் வந்தது. கணக்கை விடுவித்துத் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்த ஒருவருக்கு 4,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தார். கடைசியாக மனைவியிடம் உண்மையைச் சொன்னார். நவம்பர் 10 அன்று இருவரும் என்னிடம் வந்தார்கள்.

## கவனித்தவை

முதல் சந்திப்பில் அவர் மட்டுமே பேசினார். அதுவும் ஆட்டத்தைப் பற்றியே. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை என்று நாளிதழில் படித்திருந்தார். எனவே கணக்கை முடக்கியது சட்டவிரோதம் என்பது அவருடைய முடிவு. இதில் ஓர் உண்மையும் இரண்டு பிழைகளும் இருந்தன.

ஒன்றிய அரசின் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் தமிழ்நாட்டின் சட்டம் அப்படி அல்ல. இணையவழிச் சூதாட்டத்திலோ அதிர்ஷ்ட விளையாட்டிலோ பணம் வைத்து ஈடுபடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அது சொல்கிறது. 2023 தீர்ப்பு ரம்மிக்குக் கொடுத்த பாதுகாப்பு, விமான ஆட்டத்துக்கும் கிரிக்கெட் பந்தயத்துக்கும் இல்லை. இது முதல் பிழை.

இரண்டாவது பிழை, அவர் சூதாடியதற்காகக் கணக்கு முடக்கப்பட்டது என்று எண்ணியது. வங்கி ஆவணங்களைப் பெற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிவானது. போலி முதலீட்டுத் திட்டம் ஒன்றில் பணத்தை இழந்த ஒருவர் 1930 என்ற தேசிய உதவி எண் வழியாகப் புகார் அளித்திருந்தார். அவர் இழந்த பணம் ஒரு கணக்கில் விழுந்து, அங்கிருந்து பலவாகப் பிரிந்து, மூன்றாவது அடுக்கில் 7,000 ரூபாயாக இவருடைய கணக்குக்கு வந்திருந்தது. இவருக்குப் 'வெற்றித் தொகை' என்ற பெயரில் கொடுக்கப்பட்டது இன்னொருவரிடம் திருடப்பட்ட பணம். பந்தயத் தளங்கள் பிறர் பெயரில் இயக்கும் இத்தகைய கணக்குகளைத்தான் காவல்துறை 'மியூல்' கணக்கு என்கிறது. சூதாட்ட நுழைவுத்தொகையும் மோசடிப் பணமும் ஒரே கணக்குகளில் கலந்து ஓடும்போது, ஜெயித்தவருக்குப் போய்ச் சேர்வது எந்தப் பணம் என்று அவரால் ஒருபோதும் அறிய முடியாது. இதை விளக்கியபோது அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ அந்த ஏழாயிரம் யாரோ ஒருத்தருடைய காசா?" என்று மட்டும் கேட்டார்.

## முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, உண்மையை எந்த அளவுக்கு எழுதுவது என்பது. இதில் நான் இரண்டு நாட்கள் தயங்கினேன். 'கைமாற்று' என்று எழுதுவதை உடனே மறுத்துவிட்டேன். பொய் என்பது ஒருபுறம் இருக்க, அனுப்பியவரோடு இவருக்கு முன்பே பழக்கம் உண்டு என்று அது காட்டும். மோசடிக் கும்பலுக்குக் கணக்கை வாடகைக்குக் கொடுத்தவர்களில் ஒருவராக விசாரணை அதிகாரி இவரை எண்ணுவதற்கு அதைவிட நேரான வழி வேறில்லை. மறுபுறம், பந்தயம் கட்டினேன் என்று விரிவாக எழுதிக் கையெழுத்திட்டால், மாநிலச் சட்டத்தின் கீழ் அதுவே இவருக்கு எதிரான ஆவணமாகலாம். குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20(3) உறுப்பு தரும் காப்பு. கேட்கப்படாமலே தாமாக எழுதிக் கொடுத்தால் அந்தக் காப்பு பெரிதாக உதவாது. இறுதியில் கடிதத்தில் இப்படி எழுதினோம்: இணையத் தளமொன்றில் இருந்த இருப்பை எடுத்தபோது இந்தத் தொகை வந்தது, அனுப்பியவர் யார் என்று தெரியாது, அவருக்கு எந்தப் பொருளோ சேவையோ விற்கவில்லை. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதிகாரி மேற்கொண்டு கேட்டால் மறைக்காமல் பதில் சொல்வது, முகவருடைய எண்ணையும் 19 யூபிஐ முகவரிகளையும் ஒப்படைப்பது என்றும் முடிவு செய்தோம். அவருக்கு இருக்கும் சிறிய அபராத ஆபத்தையும், மோசடி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கப்படும் பெரிய ஆபத்தையும் எடைபோட்டு, இரண்டையும் அவருக்கு விளக்கிச் சொன்ன பிறகு, அவரே எடுத்த முடிவு அது.

அடுத்தது, எதைக் கேட்பது என்பது. முழுக் கணக்கையும் விடுவிக்கக் கேட்கவில்லை. 7,000 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டு மீதியை விடுவியுங்கள் என்று கேட்டோம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு சொத்தைக் கைப்பற்றக் காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. கைப்பற்றியதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சந்தேகத்துக்குரிய தொகை தெரிந்திருக்கும்போது அதைத் தாண்டி முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்குவது பிழைப்புரிமையைப் பாதிக்கும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் கூறியிருக்கிறது. சம்பளத்தை நம்பி வாழும் ஒரு குடும்பத்துக்கு இந்த வேறுபாடு அரிசி பருப்புக்கும் பட்டினிக்கும் உள்ள வேறுபாடு. அதைக் கடிதத்தில் சுற்றி வளைக்காமல் எழுதினேன்.

உயர்நீதிமன்றத்துக்கு உடனே போகவில்லை. ரிட் மனுவுக்கு ஆகும் செலவு, முடங்கிய தொகையோடு ஒப்பிட்டால் மிகை. அதிகாரியின் பதிலுக்கு மூன்று வாரம் பொறுப்பது, வராவிட்டால் மனு என்று நாள் குறித்தோம்.

நவம்பர் சம்பளம் எங்கே ஏறுவது என்பதும் கேள்வியானது. மனைவியின் கணக்குக்கு மாற்றலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். நான் ஒப்பவில்லை, ஒரு கணக்கு சிக்கியிருக்கும்போது இன்னொருவரின் கணக்கை அதோடு பிணைக்கக் கூடாது. அவர் பெயரிலேயே வேறு வங்கியில் கணக்கு தொடங்கி, அந்த விவரத்தையும் அதிகாரிக்கான கடிதத்திலேயே தெரிவித்தோம்.

கடன்களை இரண்டாகப் பிரித்தோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 30, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பந்தயத்தில் வென்றதாகச் சொல்லப்படும் எதையும் வசூலிக்க வழக்குப் போட முடியாது. எனவே முகவர் ஐடியில் வைத்த 10,000 ரூபாயை அவர் எந்த நீதிமன்றத்திலும் கேட்க இயலாது. இதைக் கேட்டதும், செயலிக் கடன்களையும் கட்டத் தேவையில்லை என்று அவர் முகம் மலர்ந்தது. அந்த நம்பிக்கையை நான் உடைக்க வேண்டியிருந்தது. கடன் கொடுத்த நிதி நிறுவனங்கள் பந்தயத்தில் பங்காளிகள் அல்ல. பணம் எதற்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த 45,000 ரூபாய் முழுமையாகச் செல்லுபடியாகும் கடன். தவணையை நீட்டிக்கக் கோரி எழுத மட்டுமே முடிந்தது.

ஆட்டப் பழக்கத்துக்குச் சட்டத்தில் மருந்து இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறு ஒரு நோயாகவே இடம்பெற்றிருக்கிறது என்பதைச் சொல்லி, 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணைக் கொடுத்தேன். அவர் அழைக்கவில்லை, மனைவி அழைத்தார். அங்கே கிடைத்த அறிவுரையின்படி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இருவரும் சேர்ந்து போனார்கள்.

## தொடர்ந்து நடந்தவை

நவம்பர் 11 அன்று நான் அனுப்பிய முதல் கடிதம் வங்கிக் கிளைக்குப் போனது. எட்டு நாட்கள் கழித்து, காவல்துறையின் மறுப்பின்மைச் சான்று இல்லாமல் எதுவும் செய்ய இயலாது என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. புகாரின் ஒப்புகை எண்ணும் விசாரணை அதிகாரியின் மின்னஞ்சலும் அந்தப் பதிலின் இணைப்பில்தான் எங்களுக்குக் கிடைத்தன. நவம்பர் 19 அன்று அதிகாரிக்கு எழுதினோம்: ஆறு மாதக் கணக்கு அறிக்கை, சம்பளச் சான்று, அடையாள ஆவணம், முகவருடன் நடந்த உரையாடலின் திரைப்பதிவுகள் அனைத்தும் இணைப்பில்.

டிசம்பர் 2 அன்று அதிகாரி காணொளியில் அழைத்தார். அருகில் நான் இருந்தேன். எந்தத் தளம் என்று கேட்டார், இவர் சொன்னார். எவ்வளவு இழந்தீர்கள் என்று கேட்டார், அதையும் சொன்னார். அந்த யூபிஐ முகவரிகளில் இரண்டு, அவர்கள் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தவை என்று பிறகு தெரிந்தது. டிசம்பர் 4 அன்று முழு முடக்கம் நீங்கி, 7,000 ரூபாய் மீதான லீன் (அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாத நிறுத்திவைப்பு) மட்டும் தங்கியது. 27,060 ரூபாய் கைக்கு வந்தபோது முடக்கம் தெரியவந்து 31 நாட்கள் ஆகியிருந்தன. அதற்குள் இருசக்கர வாகனத் தவணை ஒன்று தவறியிருந்தது. மகளின் பள்ளிக் கட்டணத்தை மனைவி தம் வளையலை அடகு வைத்துக் கட்டியிருந்தார்.

முகவர் 10,000 ரூபாய் கேட்டு மிரட்டினார். தொடர்பில் உள்ளவர்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்புவேன் என்றார். மிரட்டலின் பதிவுகளோடு உள்ளூர் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம். உறவினர்கள் நான்கு பேருக்கு இவரே முன்கூட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டார்; மிரட்டலின் கூர் அதோடு மழுங்கியது. இரண்டு வாரத்தில் அழைப்புகள் நின்றன. மாநிலச் சட்டத்தின் கீழ் இவர் மீது இதுவரை நடவடிக்கை எதுவும் இல்லை.

ஜனவரியில் ஒரு சறுக்கல். பொங்கல் விடுமுறையில் புதிய கணக்கிலிருந்து 1,500 ரூபாய் வேறொரு தளத்துக்குப் போயிருந்தது. மறுநாள் அவரே மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு யூபிஐ நாள் வரம்பைக் குறைத்து, சம்பளக் கணக்கின் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் குறுஞ்செய்தி மனைவிக்கும் போகும்படி செய்தார்கள். பிப்ரவரி வரை மருத்துவமனைக்கு மாதம் இருமுறை போய்வந்தார்.

## மறுபடி நேர்ந்தால் மாற்றிச் செய்பவை

என் தவறிலிருந்து தொடங்குகிறேன். முதல் நாளே கணக்கு அறிக்கையைக் கேட்டு, உள்ளே வந்த ஒவ்வொரு தொகையும் யாரிடமிருந்து வந்தது என்று பார்த்திருக்க வேண்டும். நானும் திறனா அதிர்ஷ்டமா என்ற வாதத்திலேயே ஒரு மாலைப் பொழுதைக் கழித்துவிட்டேன். கிளைக்கு எழுதியதில் எட்டு நாட்கள் வீணாயின. இப்போது இத்தகைய நிகழ்வுகளில் நான் முதலில் கேட்பவை நான்கு: புகாரின் ஒப்புகை எண், சர்ச்சைக்குரிய தொகை, அதன் யூடிஆர் எண், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல். வங்கியிடம் எழுத்து மூலம் கேட்டால் இவற்றைப் பெற்றுவிடலாம்.

மனைவியிடம் தனியாகப் பேசியிருக்க வேண்டும். செயலிக் கடன்களின் விவரம் மூன்றாவது சந்திப்பில்தான் வெளிவந்தது. அவருக்கு அது முன்பே தெரியும், கணவரின் முன்னால் சொல்லத் தயங்கியிருக்கிறார்.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தடை தவறு என்று நான் கருதவில்லை. 2,35,000 ரூபாயை இவர் இழந்தது ஒழுங்குமுறைக்கு உட்பட்ட செயலியில்தான்; தமிழ்நாட்டில் இந்த ஆட்டத்தால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களை எண்ணும்போது, அந்தத் தொழில் நீடித்திருக்க வேண்டும் என்று என்னால் வாதிட முடியாது. ஆயினும் இந்த ஒரு வீட்டில், நள்ளிரவுத் தடையும் மாத வரம்பும் மனைவிக்குக் கொடுத்த பிடி, ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் கழன்றுபோனது. செயலி மூடியபோது அதன் கடைசித் திரையில் வாலட் தொகை திரும்பும் என்ற அறிவிப்பு இருந்தது. உதவி எண் எதுவும் இல்லை. வெளிநாட்டுத் தளங்களைப் பற்றிய எச்சரிக்கையும் இல்லை. பழக்கத்துக்கு அடிமையானவர் அந்தத் திரையைப் பார்க்கும் நாளே மிக ஆபத்தான நாள் என்பதை இந்த நிகழ்வு எனக்குக் காட்டியது. பிரிட்டனில் ஆட்டத்திலிருந்து தாமாக விலகிக்கொள்ள விரும்புவோர் ஒரே இடத்தில் பெயர் கொடுத்தால், அங்கே உரிமம் பெற்ற எல்லா இணையத் தளங்களும் அவரை மறுத்தாக வேண்டும். 2020 முதல் இது அங்கே கட்டாயம். அந்த ஏற்பாடும் உரிமம் இல்லாத தளங்களுக்கு எட்டாது. அந்த எல்லைக்கு வெளியே எட்டக்கூடியது பணம் செல்லும் வழி ஒன்றே. ஒரே பயனரிடமிருந்து சில வாரங்களில் 19 அறிமுகமற்ற பெயர்களுக்குச் சிறு சிறு தொகைகள் போவதை வங்கியின் கண்காணிப்பு கண்டிருந்தால், முடக்கத்துக்கு ஒரு மாதம் முன்பே அவருக்கு ஓர் எச்சரிக்கை வந்திருக்கும்.

பிப்ரவரி இறுதி வரை 7,000 ரூபாய் மீதான லீன் நீங்கவில்லை. அதை விடுவிக்கக் கேட்டு மனு செய்யலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பணத்தை இழந்த புகார்தாரருக்கே அந்தத் தொகையைத் திருப்பித் தருவதில் தமக்கு மறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தக் கடிதம் விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. நீதிமன்ற ஆணைக்காகக் காத்திருக்கிறோம்.